மர்சலின் டீச்சரின் சாவி ரயில்

ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணி ஒருத்தி பொம்மை ரயில் விடுவாள் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாந்தோமில் மர்சலின் டீச்சர் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்த முதல் ஞாயிறு. கோயிலில் பூசை முடிந்து வந்தவர், முக்காட்டைக்கூட எடுக்காமல் கூடத்துத் தரையில் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரின் முதல் பி.ஏ. நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னா பாக்குற இசக்கிமுத்து? தாண்டி வா. மாம்பலம் ஸ்டேஷனை மிதிச்சிடாதே."

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சாமான்களை ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனது. ஊரார் அரிசி மூட்டையோடு ஓடிக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் ஒரு சாவி ரயிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாராம்.

வருகிற ஏப்ரலோடு அவருக்குப் பள்ளிக்கூட வேலை முடிகிறது. அப்புறம் வருமானம் என் வாடகை ஒன்றுதான். யுத்தத்துக்குப் பிறகு சீமைப் பொம்மைகளின் விலை எகிறிவிட்டது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவற்றை வாங்கி வைத்திருந்து, விலை ஏறும்போது விற்கிற அபிராமபுரம் வேதாந்தத்தை நானே அழைத்துவந்தேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேதாந்தம் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருநூத்தம்பது தரேன்மா. அதோட அட்டைப்பெட்டி இருந்தா நானூறு."

என் சம்பளம் அறுபது.

"பெட்டியா? உங்க முன்னாடிதானே நிக்குது" என்றார் டீச்சர்.

நின்றது சைதாப்பேட்டை ஸ்டேஷன். சுவரெல்லாம் லண்டன் அட்டை. டிக்கெட் ஜன்னல் கத்தரிக்கோலால் வெட்டியது. கம்பெனி பெயர் அச்சிட்ட மூடி கூரையாகியிருந்தது; அதன்மேல் மையால் வரைந்த காக்கை ஒன்று.

வேதாந்தம் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். "ஈஸ்வரா! நூத்தம்பது ரூபாயைக் கத்தரிச்சுப் போட்டிருக்கேளே!"

"ஸ்டேஷன் இல்லாம ரயில் எங்க சார் நிக்கும்? உங்ககிட்ட எத்தனை ரயில் கீது?"

"ஆத்துல பதினேழு."

"எது நல்லா ஓடும்?"

"ஓடறதா? ஓட்டினா கீறல் விழாதோ? பெட்டியையே பிரிக்கலை. பீரோவுல பூட்டி வெச்சிண்டிருக்கேன்."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "பதினேழுமா? ஒண்ணுகூட ஒரு சுத்து சுத்தலையா? மாதாவே! இது வேற பதினெட்டாவதா அங்க போய் அடையணுமா? வேணாம் சார்."

"டீச்சர், ஏப்ரலுக்கு அப்புறம்…" என்று இழுத்தேன்.

"ஏப்ரலுக்கு அப்புறம் நாள் முழுக்க நான் இன்னா பண்ணுவேன்னு நெனச்சே?"



வேதாந்தம் குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் என் காதோரம், "உங்க டீச்சருக்குக் கணக்கு வராதோ?" என்றார்.

"இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்குடுக்கறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் போய்விட்டார்; இருநூற்றைம்பது ரூபாயும் கூடவே தெருமுனை திரும்பிற்று. நான் திகைத்து நிற்க, டீச்சர் பாட்டுக்கு எஞ்சினுக்குச் சாவி முறுக்கிக்கொண்டிருந்தார்.