சோபாவுக்குள் வந்த பஞ்சு

சோபாக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு சின்ன வார்த்தையால்தான். மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர், "இனிமே இவ வண்டி எடுக்கிற அன்னிக்கு முன்னாடியே சொல்லிடுறேன், யாரும் ரோட்டுக்கு வராதீங்க" என்றார். அண்ணன் சிரித்தார். அண்ணி அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மூடிய வாய், அப்புறம் அவரிடம் திறக்கவே இல்லை.

பழைய சோபா, நாற்காலி, வண்டி சீட் எல்லாவற்றுக்கும் உறை மாற்றித் தருவது அவர் தொழில். கீழே பட்டறை, மேலே வீடு. மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவருக்கும் நடுவில் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், வேறு ஊரில் இருக்கும் மகள் வழியாகத்தான் போகும்.

"அப்பா, குளியலறைக் குழாய் ஒழுகுதாம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

மகள் கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்துக்கிட்டு என் உயிரை வாங்குறீங்க. நான் என்ன டெலிபோன் ஆபீசா நடத்துறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பச்சை சோபா வந்தது. ஒரு டீச்சருடையது. கார் ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்ததாம். ஆட்கள் தூக்கி வந்து பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார்கள். சோபாக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியில் அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். உள்ளே ஏதோ கிரீச்சிட்டது. ஸ்பிரிங் என்று நினைத்தார். ஸ்பிரிங்கும் கத்தும்தான். ஆனால் விட்டுவிட்டுக் கத்தாது. துணியை உரித்துப் பார்த்தால், மூலையில் பிய்ந்த பஞ்சோடு பஞ்சாக ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. கண் இப்போதுதான் திறந்திருந்தது. நாலு கால் இருந்தும் ஒன்றிலும் நிற்கத் தெரியவில்லை.

டீச்சருக்குப் போன் போட்டார். "டீச்சர், சோபாவோட ஒரு உருப்படி கூடுதலா வந்திருக்கு."

டீச்சர் ஷெட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஒரு பெரிய பூனை இங்க சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். இப்பக் காணோம்."

குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து அந்த ஷெட்டுக்கே கொண்டுபோனார். தாய் வந்தால் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று தள்ளி நின்று பார்த்தார். வெளிச்சம் போகும்வரை நின்றார். ஒன்றும் வரவில்லை. பெட்டியோடு வீடு திரும்பினார்.

சமையலறையில் கொஞ்சம் பாலைச் சுடவைத்து, குட்டியை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, ஸ்பூனால் வாயில் விட்டார். பால் மூக்கு வழியாக வந்தது. குட்டி தும்மியது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி விறுவிறுவென்று வந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். நிமிர்த்திப் பிடித்து மூக்கைத் துடைத்தாள். பிறகு குட்டியிடம் கேட்டாள்:

"உன்னை மல்லாக்கப் போட்டு ஊத்துறாரே, நீ என்ன தொட்டில் பிள்ளையா?"

சோபாக்காரரும் குட்டியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தெரியாமத்தான் செஞ்சேன்னு சொல்லு."

மறுநாள் அவர் கால்நடை டாக்டரிடம் போனார். சின்ன வயசுப் பெண். குட்டியைத் தராசில் வைத்து, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தடவினார்.

"பசும்பால் வேணாம் சார், வயித்தைக் கலக்கிடும். இதுக்குன்னு பால் பவுடர் இருக்கு, சின்ன பாட்டில் இருக்கு. குப்புறப் படுக்க வெச்சுக் குடுங்க, தலை லேசா தூக்கியிருக்கட்டும். முதல்ல உடம்பு கதகதப்பா இருக்கணும், அப்புறம்தான் பால். சில்லுனு இருக்கிற குட்டிக்குப் பால் குடுத்தா செரிக்காது."

"சரிங்க டாக்டர்."

"குடிச்ச பிறகு, பின்பக்கம் ஈரப் பஞ்சால மெதுவா துடைச்சு விடணும். அப்பத்தான் ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகும். தாய் நாக்கால நக்கி விடுறதை நீங்க பஞ்சால செய்றீங்க, அவ்வளவுதான்."

"பஞ்சுக்கு எங்க கடையில பஞ்சமே இல்ல டாக்டர்" என்றார் சோபாக்காரர். அன்றையிலிருந்து அதன் பெயர் பஞ்சு ஆயிற்று.

கைத்தொழில்காரர் சும்மா இருப்பாரா? நல்ல ஸ்பாஞ்சை அளவெடுத்து வெட்டி, மிச்சம் கிடந்த சிவப்பு உறைத்துணி போர்த்தி, ஓரத்தில் மடிப்புத் தையல் போட்டு, மகாராணிக்குச் செய்த மாதிரி ஒரு மெத்தை தைத்தார். பெட்டிக்குள் வைத்ததும் பஞ்சுவின் நகம் துணியின் இழையில் மாட்டிக்கொண்டது. அது கால் உதறிக் கத்த, மனைவி வந்து நகத்தை விடுவித்தாள்.

"ராஜா வீட்டு மெத்தைல படுத்தா இப்படித்தான் பஞ்சு" என்றாள். மெத்தையை எடுத்துவிட்டு, கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட துடைக்கும் துணிகளைக் கொண்டுவந்து விரித்தாள். வழவழவென்று, இழையே தெரியாத துணி. பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைத் துணி சுற்றி வைத்தாள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளலாம். சோபாக்காரர் எட்டி நின்று பார்த்தார். சரியாகத்தான் செய்கிறாள் என்று தோன்றியது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பஞ்சுவுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால். பகலில் அவர், மற்ற நேரம் அவள். கைமாற்றும்போது கணக்குச் சொல்லாமல் முடியாது. மகள் விட்ட வேலையைப் பஞ்சு எடுத்துக்கொண்டது.

"பஞ்சு, நீ இன்னிக்கு ரெண்டுக்குப் போகலேன்னு சொல்லு."

"போயாச்சு, என் சட்டையிலதான் போச்சுன்னு சொல்லு பஞ்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனது அவருக்குத் தெரிந்தது.

ஒரு நாள் காலை, அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது "ஏங்க!" என்று ஒரு அலறல். ஓடிவந்தார். ரப்பர் பையின் மூடி கசிந்து, பெட்டி முழுக்கத் தண்ணீர். ஆறிப்போன ஈரத்தில் பஞ்சு துவண்டு கிடந்தது. தொட்டால் சில்லிட்டது. வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. மனைவி துணியால் துடைத்தாள். "பால் கலக்கவா?" என்றாள்.

"வேணாம், முதல்ல சூடு." அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, குட்டியைப் பனியனுக்குள் நெஞ்சோடு வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அப்படியே ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுக்கப் போனார். கையை எடுத்தால் குட்டி நழுவுகிறது.

"தள்ளுங்க" என்று மனைவி சாவியை எடுத்தாள்.

பட்டறை வேன் கிழட்டு வண்டி. அவள் கற்றுக்கொண்ட சின்ன காருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கிளட்சை மிதிக்கவே தனித் தெம்பு வேண்டும். சந்தில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் வரிசையாக பைக்குகள். அவள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் எடுத்தாள். தெருவுக்கு வந்து கியர் மாற்றும்போது வண்டி உறுமியது. "கிளட்ச..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மிச்சத்தை விழுங்கிவிட்டுப் பனியனுக்குள் பார்த்துக்கொண்டார். சிக்னலில் ஒரு தடவை வண்டி நின்றுபோனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று அவள் நிதானமாகக் கிளப்பினாள்.

டாக்டர் பஞ்சுவை விளக்குச் சூட்டில் வைத்து, ஈறில் சர்க்கரைக் கரைசல் தடவினார். "நல்ல வேளை, பால் புகட்டாம கொண்டுவந்தீங்க. வெளிய உக்காருங்க, பார்ப்போம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒருவர் மடியில் முயலோடு இருந்தார்.

"மூடிய நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி.

"அந்தப் பை ரொம்பப் பழசு. மூடியில ரப்பரே இல்ல. நான்தான் மாத்தியிருக்கணும்."

அவர் பனியனில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைத் தட்டிவிட்டார்.

"அன்னிக்கு உங்க அண்ணன் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அண்ணன் முன்னாடி மட்டும்தானா?"

"யார் முன்னாடியும்தான்."

பஞ்சு கத்தும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டபோது, அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். திரும்பும்போதும் அவளே ஓட்டினாள்.

பஞ்சு பிழைத்துக்கொண்டது. பல் முளைத்தது, நடக்க வந்தது, நடப்பதற்குள் ஓட வந்தது. அது வெளிக்குப் போக ஒரு தட்டில் மண் போட்டு வைத்தார்கள். முதல் இரண்டு நாள் அதில் படுத்துத் தூங்கியது, மூன்றாம் நாள் வேலையைப் புரிந்துகொண்டது. இடையில் வேறொருவரின் புதுக் குஷனில் ஒரு காரியம் செய்துவைத்ததில், அந்த உறையைச் சோபாக்காரர் மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. பச்சை சோபா நீல சோபாவாகி வீடு திரும்பிய அன்று, டீச்சர் பஞ்சுவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "எங்க சோபாவுல வந்ததுதானே, சேத்து அனுப்பிடுங்களேன்" என்றார்.

"உறை மாத்தத்தான் பேச்சு டீச்சர், பூனைக்கு இல்ல" என்று மனைவி பஞ்சுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பஞ்சுவுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யும் வயது வந்தபோது டீச்சரே போன் செய்தார். காணாமல் போன பெரிய பூனை ஷெட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறதாம். அதற்கும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கூண்டு வைத்துப் பிடிப்பதற்குள் சோபாக்காரரின் கையில் இரண்டு கீறல்.

தாயும் மகளும் ஆஸ்பத்திரி மேஜையில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்தன. அடையாளம் தெரியும், ஏதாவது செய்யும் என்று சோபாக்காரர் குனிந்து ஆவலாகப் பார்த்தார். தாய் மோந்து பார்த்தது. முதுகை வளைத்து உஸ்ஸென்று சீறியது. பஞ்சுவும் பதிலுக்குச் சீறியது.

"உன்னைப் பெத்த அம்மா பஞ்சு அது!" என்றார் சோபாக்காரர்.

"அதெல்லாம் அதுங்களுக்குத் தெரியாது சார்" என்று சொல்லி டாக்டர் இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார்.

புண் ஆறியதும் தாயை ஷெட்டிலேயே கொண்டுபோய் விட்டார்கள். டீச்சர் அதற்குத் தினமும் சாப்பாடு வைக்கிறார், கிட்டேதான் போக முடிவதில்லை. பஞ்சு பகல் முழுக்கப் பட்டறையில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் தூங்குகிறது. வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள்.