புல்வெளிக் காளானும் புற்றுக் காளானும்

காலை ஆறு ஐம்பது, பதினேழு காளான், மாரிச்செல்வம். ஒரகடத்துத் தொழிற்சாலையில் புல்வெளி பராமரிக்கும் எனக்கு மழைக்கு மறுநாள் இப்படித்தான் விடியும். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கும் வேறு மாதிரி விடிந்திருக்காது.

ஹெல்மெட் நிறைய

மாரிச்செல்வம் சங்கரன்கோவில் பக்கத்து டிரெய்னி. புரட்டாசியில் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் காளான் நிறைந்த ஹெல்மெட்டை நீட்டினான். கேட் ஓரப் புல்வெளியில் பறித்ததாம். ஊரில் தின்னும் அதே புற்றுக் காளானாம். அவன் தங்கியிருக்கும் சுங்குவார்சத்திரம் அறையில் ஆறு பேருக்குக் குழம்பு வைக்கப் போகிறானாம். அடுத்த மாதம் பணி நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் வரும். அதற்குள் ஒரு லீவு விழுந்தாலும் டிரெய்னியாகவே கிடக்க வேண்டியதுதான் என்று முன்பு அவனே சொல்லியிருந்தான்.

புற்றுக் காளானின் தண்டு மண்ணுக்கடியில் இருக்கும் கறையான் புற்றுவரை வேர்போல இறங்கும். கழுத்தில் வளையம் இருக்காது. இவற்றில் வளையம் இருந்தது, வேர் இல்லை. காட்டினேன்.

"இது லாரியில கொட்டுன மண்ணு அண்ணாச்சி. வேரு எங்கிட்டு இறங்கும்?"

தாளில் உதிர்ந்தது

வாதாடிப் பயனில்லை. ஒரு காளான் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து டிபன் பாக்ஸால் மூடினேன். குடையிலிருந்து உதிரும் தூளின் நிறத்தைச் சாயங்காலம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். முனகினான். என்னிடம் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கம் அஞ்சலை, மிச்சத்தை ஹெல்மெட்டோடு பிடுங்கி ஷெட்டில் வைத்துப் பூட்டினார். ஹெல்மெட் இல்லாமல் ஷிப்டுக்குள் விடமாட்டார்கள். அவன் வந்துதான் ஆக வேண்டும்.

வந்தான். திறந்தால் தாளில் பச்சைத் தூள். புற்றுக் காளான் வெளிர் ரோஸாக உதிரும். பச்சையாக உதிர்வது வாந்தி பேதியில் படுக்க வைக்கும் ரகம். நான் விளக்குவதற்குள் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் லைனில் தேறிய பாகத்துக்குப் பச்சை டேக், தேறாததற்குச் சிவப்பு.

"பச்சைன்னா பாஸ்தான அண்ணாச்சி?"

முழங்கை நீள வேர்

பச்சை உதிர்ந்தவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டோம். ஐப்பசி மழையில், காம்பவுண்டு ஓரப் புற்றருகே மாரிச்செல்வமே தோண்டி எடுத்து வந்தான். முழங்கை நீள வேர். வளையம் இல்லை. தாளிலும் வெளிர் ரோஸ். இது அதுதான் என்றேன். இத்தனை நாள் கேட்டது கைக்கு வந்ததும் அவன் பின்வாங்கினான். பட்டியலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அஞ்சலை அத்தனையையும் முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டார்.

"நா துன்னுட்டு நாளிக்கு வேலைக்கு வரேன்பா. என்னைப் பாத்துக்கினு அப்பால நீ துன்னு."

அஞ்சலை மறுநாள் வந்தார், ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை பட்டியலும் வந்தது, மாரிச்செல்வம் நிரந்தரமானான், அன்று அறையில் முட்டைக் குழம்பு.