தூணில் இல்லாத பெயர்

இன்று காலை எங்கள் ஊர்ப் போர் நினைவுத் தூணை அளக்க, கட்டடக்கலை படிக்கும் பெண் ஒருவர் ஏற்காடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஒரே கல்லில் செதுக்கிய தூண், எட்டுப் பட்டைப் பீடம் என்று வியந்துவிட்டு, அதில் பொறித்திருந்த போரில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார்.

"மூணாவது பேரு எங்க பூட்டனுங்க," என்றார் பக்கத்து வீட்டு செல்வி அக்கா. உடனே அந்தப் பெண் அவரைத் தூணருகே நிறுத்திப் பத்துப் படம் எடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க பூட்டனும் அதே சண்டைக்குப் போனவருங்க," என்றேன்.

"அவர் பேரைக் காணோமே?"

"உசுரோட திரும்பி வந்துட்டாருங்க."

அந்தப் பெண் கேமராவை மூடிவிட்டார்.

செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார்: "உங்க ஊட்டுக்கு ஆளு வந்தாரு, கண்ணு. எங்க ஊட்டுக்குப் பேரு மட்டுந்தான் வந்துச்சு."



ஆனாலும் ஒரு படமாவது என்னை எடுத்திருக்கலாம். இப்படி நினைப்பது நான் மட்டும்தானா?