கூப்பிட்டால் ஆள் வருகிற வீடு

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முன்னால் நின்று பேச எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுதிக் கொடுத்தால் வாசிக்கிறோம் என்றார்கள். எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எங்களுக்குப் பிறக்க வேண்டிய குழந்தை பிறக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஊர் திருவேங்கடம் பக்கம். என் மனைவி ஜெபசெல்விக்கும் அந்தப் பக்கம்தான். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலம் ஊரில் இருந்தோம். எனக்கு வேலை எல்லாம் தென்காசியில். தினமும் பஸ்ஸில் போய்த் திரும்பி உடம்பு கெட்டது. செல்வி உண்டானதும், வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பிடித்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

தென்காசிக்குள் கேட்டோம். அமையவில்லை. ஒரு இடத்தில் வீட்டைத் திறந்துகூடக் காட்டவில்லை. "நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டார்கள். சொன்னோம். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்படியே மேலகரம் தாண்டிக் குற்றாலம் பக்கம் போனோம்.

அது ஜூலை மாதம். நல்ல சாரல். அருவிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வீடு இருக்கிறது என்றார்கள். தெருவில் நடக்க இடமில்லை. வேன் வேனாக ஆட்கள். ஈரத் தலையோடு பெண்களும் பிள்ளைகளும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். ஒரு பக்கம் பழக்கடை. வீட்டு வாசலை ஒட்டி ஒரு அண்ணாச்சி நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் முன்பக்க அறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். பின்பக்கத்தில் ஒரு அறை, அடுக்களை, குளியலறை. அதை மட்டும் மாத வாடகைக்குத் தருவதாகச் சொன்னார்.

செல்விக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவள் காட்டுக்குள் தனியாக நிற்கிற வீட்டில் வளர்ந்தவள்.

"எந்நேரமும் ஆள் நடமாட்டமா இருக்கு. நீங்க வேலைக்குப் போனாலும் எனக்குப் பயம் இல்ல" என்றாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சிப்ஸ் அண்ணாச்சி மட்டும் கரண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"இப்ப பாத்துட்டு மயங்காதீக தம்பி. சீசன் முடிஞ்சா நாங்கல்லாம் ஊருக்குப் போயிருவோம்லா. அப்புறம் இங்கன குரங்குதான். அது வந்து வாடக கேக்காது, கவலப்படாதீக."

நாங்கள் சிரித்தோம். அவர் ஒரு பொட்டலம் சிப்ஸ் கொடுத்தார். செல்வி தின்றுகொண்டே வீட்டுக்கு முன்பணம் கொடுக்கச் சொன்னாள்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் சீசனில் வீடு பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை குளிக்க வந்துபோகிறவர்கள்தானே நாங்கள். வந்தபோதெல்லாம் கூட்டம் இருந்தது. கூட்டம் அந்தத் தெருவுடையது என்று நினைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் கடைசியில் அருவியில் தண்ணீர் குறைந்தது. சிப்ஸ் அடுப்பு போனது. பழக்கடை போனது. முன் அறைகளைப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர் திருநெல்வேலிக்குப் போனார். எதிரே இருந்த லாட்ஜில் ஷட்டர் இறங்கியது. காலையில் நான் போகும்போதும் தெருவில் ஆள் இல்லை. சாயங்காலம் வரும்போதும் இல்லை. குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"வேற வீடு பாப்போமா?" என்று கேட்டேன்.

"பேறுகாலத்துக்கு எப்படியும் அம்மா வீட்டுக்குப் போகணும்லா. அதுவரைக்கும் இருப்போம்" என்றாள்.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம். குளியலறைத் தரையில் பாசி. அந்த ஊர் ஈரத்துக்கு எத்தனை தேய்த்தாலும் பாசி வரும். வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. போன் அடுக்களையில் இருந்தது. கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். யாராவது வாங்களேன் என்று கூப்பிட்டாள். கர்த்தரையும் கூப்பிட்டிருக்கிறாள். நான் வேலை முடிந்து வருகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவளுக்குக் குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அந்தத் தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. ரோட்டில் ஒரு ஜீப்பை மறித்தேன். ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஜெபித்த மாதிரி வாழ்க்கையில் ஜெபித்தது கிடையாது. பிள்ளையைக் காப்பாற்றும் ஆண்டவரே. அது ஒன்றுதான் கேட்டேன்.

பிள்ளை தப்பவில்லை. பையன். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. ஊருக்குக் கொண்டுபோய் என் மாமனாரும் நானும் அடக்கம் பண்ணினோம். பெயர் வைக்கவில்லை.

செல்வி பிழைத்தாள். அம்மா வீட்டுக்குப் போனாள். குரல் சரியாகப் பல நாள் ஆனது. சரியான பிறகும் பேசவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

"நான்தான் அந்தத் தெருவக் கேட்டேன்."

"ரெண்டு பேருந்தான்" என்றேன்.

"இல்ல. நான்தான். இனிமே வாடக வீட்டுக்குக் கூப்பிடாதீங்க. வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் வற்புறுத்தப் போனபோது மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார்கள்.

"மாப்ள, அவள இப்ப ஒண்ணும் கேக்காதீக. சோறு திங்கா. அதே பெருசு" என்றார்கள்.

நான் தென்காசியில் வேலை நடக்கிற கட்டடத்திலேயே படுத்துக்கொண்டேன். வேலை செய்தேன். சாப்பிட்டேன். நம் பாஸ்டர் ஐயா ஒரு நாள் அங்கே வந்து சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் கேட்டேன்.

"அவ கூப்பிட்டாளே ஐயா. கர்த்தர் ஏன் கேக்கல?"

"எனக்குத் தெரியலப்பா" என்றார். கண்ணைத் துடைத்தார். "தெரிஞ்ச மாதிரி உங்கிட்ட பேச மாட்டேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் இன்றைக்கும் இந்தச் சபையில் இருக்கிறேன்.

பிறகு நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பிள்ளை தாரும் என்று கேட்க வாய் வரவில்லை. ஒரே ஒரு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, கூப்பிட்டால் ஆள் வருகிற வீடு ஒன்று காட்டும். கல் ஒட்டும்போது மனதுக்குள் சொல்லுவேன். மட்டம் பார்க்கும்போது சொல்லுவேன்.

வீடு பார்க்கத் தொடங்கினேன். மத்தியானத்தில் மட்டும் போனேன். ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு புரோக்கர் புது பிளாட் பகுதியில் ஒரு வீடு காட்டினார். நல்ல வீடு. நல்ல தண்ணீர்.

"பக்கத்து வீட்டுக்காரவுகள்லாம் சென்னை, பெங்களூரு. எல்லாம் பூட்டிக் கெடக்கு. ஒரு தொந்தரவு கிடையாது. சத்தமே கேக்காது தம்பி" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி, பிடிக்கலயா? இதவிட நல்ல ஏரியா எங்கன கெடைக்கும்?"

"வேற பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

டிசம்பர் வரைக்கும் அலைந்தேன். எத்தனையோ வீடு. வீடு நன்றாக இருந்தால் ஆள் இல்லை. ஆள் இருந்தால் எங்களுக்குத் தர மாட்டார்கள். மனது விட்டுப்போனது. கர்த்தருக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை என்றே நினைத்தேன். ஜெபத்தை நிறுத்தவில்லை. பழக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து தென்காசியில் முஸ்லிம்கள் இருக்கிற தெரு ஒன்றில் வேலை வந்தது. ஜன்னத்து அக்கா வீடு. அவர்கள் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். மாடியில் புதிதாகக் கட்டிய போர்ஷனுக்கு டைல்ஸ். தெரு ஒடுக்கம். எதிர் வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும். பாதி வீட்டில் ஆண்கள் வளைகுடாவில். பெண்கள் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்வந்துகொண்டே இருப்பார்கள். பகலில் ஒரு வாசலும் சாத்தியிருக்காது. முதல் நாளே நாலு பேர் மாடி ஏறி வந்து என் வேலையைப் பார்த்தார்கள்.

"இந்தக் கலர யாருட்டி எடுத்தா? கறி வச்ச மாதிரி இருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும்? சவுதில இதான் இப்ப பேஷன்."

"ஏ டைல்ஸ் தம்பி, ரசம் இருக்கு. ஊத்தவா? வெறுஞ்சோத்தத் திங்காத."

கல்லைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிகிற அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இந்த மாடிய வாடகைக்கு விடுவீகளா?"

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஒனக்கா? நீ கிறிஸ்டினுலா? இங்கன அஞ்சு நேரமும் பள்ளிவாசல்ல பாங்கு கேக்கும்."

"கேக்கட்டும் அக்கா."

"இன்னொண்ணு சொல்லுதேன். இந்தத் தெருவுல புருசன் பொண்டாட்டி ரகசியமா சண்ட போட முடியாது. ராத்திரி நீங்க பேசுனதுக்கு விடியக்காலம் தெருவே தீர்ப்பு சொல்லும்."

"அப்படி வீடுதான் அக்கா வேணும்."

சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம்தான் சொன்னேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அங்கேயே நின்று சவுதிக்குப் போன் போட்டார்கள். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"ஒட்டுன கல்லு நேரா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இருந்துட்டுப் போறான். அதுக்கு எதுக்குப் போன் போடுத?"

ஜன்னத்து அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். "மொதல்ல அவளக் கூட்டிட்டு வா. அவ பாக்கட்டும். ஒன் வார்த்தைய நம்பி நான் சாவி தரமாட்டேன்."

ஊருக்குப் போனேன். செல்வியிடம் கெஞ்சவில்லை. "இருக்க வேண்டாம். ஒரு மத்தியானம் வந்து பாத்துட்டு மட்டும் திரும்பிருவோம்" என்றேன். எதற்காகச் சம்மதித்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. வந்தாள்.

ஜன்னத்து அக்கா அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. "மேல போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னார்கள். செல்வி தனியாக மாடி ஏறினாள். நான் கீழே வாசலில் நின்றேன். அக்கா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை.

"அக்கா."

ஒரே ஒரு தடவைதான். ஜன்னத்து அக்கா மாவுக் கையோடு என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எதிர் வீட்டிலிருந்து ஒருத்தர் வந்தார். பக்கத்து மொட்டைமாடியிலிருந்து ஒருத்தர் குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்தார். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மூன்று பேரும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, என்ன ஆச்சு? தெறட்டி!"

"ஏலே, மரம் மாதிரி நிக்க. கதவ ஒடைலே!"

தாழ்ப்பாள் விலகியது. செல்வி நின்றுகொண்டிருந்தாள். விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

"யாருட்டி கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன். வாறீகளான்னு பாத்தேன்."

"சும்மாவா? பாவி மக்கா, எனக்கு உசுரே போயிட்டுலா!" என்று கத்திய ஜன்னத்து அக்கா பாதியிலேயே நிறுத்தினார்கள். செல்வியின் முகம் உடைந்துகொண்டிருந்தது. அக்கா மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டார்கள். செல்வி அழுதாள். பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். மூன்று பெண்களும் அவளோடு சேர்ந்து குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மொட்டைமாடிக்குப் போய் நின்று அழுதேன். கர்த்தருக்கு நன்றி என்று சொல்ல வாய் வந்தது. பல மாதம் கழித்து வந்தது.

அன்றைக்கு அவள் ஊருக்குத் திரும்பவில்லை.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளை இன்னும் இல்லை. செல்வி சில நாள் இன்னும் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். சாரல் தொடங்கினால் எனக்கும் அந்தக் குற்றாலத்துத் தெருதான் ஞாபகம் வருகிறது. அந்தத் தெரு வழியாக நான் வேலைக்குப் போவதில்லை. ஆனால் செல்வி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறாள். பின் வரிசையில் இருப்பாள். உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். போன வாரம் எதிர் வீட்டில் ஏதோ அலறல் கேட்டது. அவள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள். பல்லிதான். திரும்பி வந்து மூச்சு வாங்கச் சிரித்தாள். குழம்பு தீய்ந்துபோனது. தின்றோம்.

ஜீப்பில் நான் பண்ணின ஜெபத்துக்குப் பதில் வரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது. கட்டடத்தில் கல் ஒட்டிக்கொண்டே பண்ணின ஜெபத்துக்குப் பதில் வந்தது. நான் நினைக்காத தெருவில், நம் ஜெபம் தெரியாத ஆட்களை வைத்துக் கர்த்தர் கொடுத்தார். அதுவும் அவர்தான் என்று நம்புகிறேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

இளம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலைக்கென்று இந்த ஊருக்கு வருகிறீர்கள். வீடு தேடுகிறீர்கள். பொறுமையாக ஜெபம் பண்ணுங்கள். மனது உடைந்திருந்தாலும் பண்ணுங்கள். வார்த்தை நிறைய வேண்டாம். அவரை நம்பிக் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நானும் செல்வியும் கூட வந்து பார்க்கிறோம்.

மத்தியானம் போவோம்.