மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

என் பழைய மடிக்கணினியின் மூடியில் ஒரு சந்தனப் பொட்டின் தடம் இருக்கிறது. நடு உதிர்ந்துபோய் ஓரம் மட்டும் மஞ்சளாக மிஞ்சியிருக்கிறது. வீட்டில் கண்டதையெல்லாம் துடைத்துக்கொண்டே இருக்கிற நான் அதை மட்டும் துடைப்பதில்லை. பக்தி என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்போது அம்மாவும் நானும், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் ஒரு கோடியில், மல்வேர்னில் இருந்தோம். முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில், எந்தப் பணியாளர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்தேன். நவராத்திரியின் கடைசி நாள் சரஸ்வதி பூசைக்கு, புத்தகங்களோடு என் மடிக்கணினியையும் அம்மா சாமித்தட்டில் வைத்தார். பிள்ளைக்குச் சோறு போடுவது அதுதானே என்பது அவர் எண்ணம். மறுநாள் காலை திறந்தால், விசைப்பலகையின் நடுவில் நான்கைந்து எழுத்துகள் விழவே இல்லை. இடைவெளிக் கட்டையோ தானாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று தெரியாத பணியாளர்கள் போன் மேல் போன் எடுத்தார்கள். மூடியில் பொட்டைக் கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களை ஆர் இதைத் தொடச் சொன்னது? சந்தனத்தைக் கரைச்சு உள்ளுக்க விட்டிருக்கிறியள்!" என்று கத்தினேன். "மூடிக்கு மேல ஒரு பொட்டுத்தான் வைச்சனான், பிள்ளை," என்றார் அம்மா. நான் காதில் வாங்கவில்லை. இனி என் சாமான் ஒன்றையும் தொடவேண்டாம் என்றேன். அன்று பின்னேரமே அம்மா என் தம்பியை வரச்சொல்லி, இரண்டு சேலையும் மருந்துப் பெட்டியுமாக நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் அவன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கணினி திருத்தும் அண்ணையின் கடை, மீன்கடைக்கு அடுத்த கதவு. நான் போனவுடனே அம்மாவின் குற்றத்தைத்தான் விவரித்தேன். அவர் வேறொரு விசைப்பலகையை வயரால் கொழுவி, அடித்துப் பார்க்கச் சொன்னார். எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுந்தது. "அப்ப மூளை சரி, கைதான் பிழை," என்றார். பிறகு கணினியை மூடி மேசையில் வைத்து, ஒரு மூலையை விரலால் அமுக்கினார். கால் சரியில்லாத கதிரை மாதிரி அது ஆடியது. "தங்கச்சி, உதை நாள் முழுக்கச் சார்ஜிலேயே போட்டு வைச்சிருக்கிறனீரோ?"

"ஓம் அண்ணை." ஒரு வருடமாக நான் வயரைக் கழற்றியதே இல்லை. சில கிழமைகளாக, விசைகளுக்குக் கீழே விரல் தேய்க்கும் தட்டு அமுக்கக் கடினமாக இருந்ததையும் கவனிக்காமல் விட்டிருந்தேன். அண்ணை அடிமூடியைக் கழற்றினால், ஓயாமல் சார்ஜ் ஏறி பற்றரி பூரி மாதிரி ஊதிக் கிடந்தது. அதுதான் விசைப்பலகையைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. குத்துப்படாமல் அதை மெல்லக் கிளப்பி எடுத்துவிட்டு வயரை மட்டும் கொழுவியதும் எழுத்துகள் விழத் தொடங்கின. ஒரு விசை மட்டும் இறுகி நின்றது. அதைக் கழற்றித் தூரிகையால் தட்டினார். "சந்தனத்தை நானும் தேடிப் பாக்கிறன், காணேல்லை. முறுக்குத்தூள்தான் கிடக்கு," என்றார். முறுக்கு நான் தின்றது. அம்மாவுக்குப் பல் இல்லை.

புதுப் பற்றரி போட்ட பிறகு வந்த சனிக்கிழமை, பஸ் மாறி மாறி ரெக்ஸ்டேலுக்குப் போனேன். போகிற வழியில்தான் உறைத்தது: அந்த வருடம் முழுக்க அதன் வயரைக் கழற்றி அதற்கு ஓய்வு கொடுத்தவர் அம்மா ஒருவர்தான், அதுவும் பூசைக்காக. போய்ச் சேர்ந்ததும், பற்றரி எப்படி ஊதும் என்று அம்மாவுக்கு அரை மணிநேரம் விளக்கினேன். மன்னியுங்கள் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. "அப்ப இப்ப வேலை செய்யுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அது போதும்," என்று சேலைகளை மடிக்கத் தொடங்கினார்.

அம்மா என்னோடு திரும்பி வந்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த நவராத்திரிக்கு மடிக்கணினியை நானே சாமித்தட்டில் வைத்தேன். அம்மா ஒவ்வொரு புத்தகமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கணினியிடம் வந்ததும் நின்று, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீயே வை, பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு."

வாங்கினேன். அப்போதும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. பழைய பொட்டில் படாமல் ஓரத்தில் ஒன்று வைத்தேன். மறுநாள் நான் வைத்ததை மட்டும் துடைத்தும் விட்டேன்.

அம்மா இப்போது இல்லை. இந்த வருடப் பூசைக்கும் புதிய கணினியின் வயரைக் கழற்றி, பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன். புதியதற்கு நானே பொட்டு வைத்தேன். பழையதில் விரல் வைக்கவில்லை. என் பொருளொன்றில் அம்மா பயமில்லாமல் வைத்த கடைசிப் பொட்டு அதில் இருக்கிறது.