ஆர்ச்சி பர்விஸ் தேர்ந்தெடுத்த குட்டி

ஸ்காட்லாந்தின் கெல்சோ ஊரில் குளியல் தொட்டி விற்கும் ஆர்ச்சி பர்விஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது வாயை மூட வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

பதினோரு குளிர்காலமாக, விட்டன்ஹோப் எஸ்டேட்டில் வேட்டை நடக்கும் சனிக்கிழமைகளில், அவர் விரட்டும் வரிசையில் நடந்தார். விரட்டும் வரிசை என்றால் கையில் மஞ்சள் கொடி, காலில் முள், முகத்தில் மழை. புதரைத் தட்டி ஃபெசன்ட் கோழிகளைக் கிளப்பித் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேலே பறக்கவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆர்ச்சியின் கண்ணோ துப்பாக்கிக்காரர்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஏழு பேர் தங்கள் நாய்களோடு பேசாமல் நிற்பார்கள். விழுந்த கோழியை நாய் மெல்லக் கவ்வி வந்து அவர்கள் கையில் வைக்கும். அதற்குப் பெயர் எடுக்கும் வரிசை. அதில் நிற்பவர்களைப் பிரபுக்கள்கூடப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்கள். மனிதர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த வரிசையில் ஓர் இடம். வேறொன்றுமில்லை.

"நல்ல நாயா ஒண்ணு வளத்துக் கொண்டாங்க ஆர்ச்சி. ஒரு நாள் பின்னால நின்னு பாக்கலாம்" என்றார் எஸ்டேட்டின் வேட்டைக் காவலர் ரட்டர். பேச்சை நிறுத்த வேறு வழி தெரியாமல் சொன்னது அது.

ஆர்ச்சி மறுநாளே ட்வீட் கோட்டு தைக்கக் கொடுத்தார். அது எவ்வளவு விறைப்பு என்றால், கழற்றி வைத்தால் ஆணி இல்லாமலே நடைவழியில் தானாக நிற்கும். தபால்காரர் ஒருநாள் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும், "பரவால்ல, இன்னிக்குத்தான் நான் பேசினத முழுசாக் கேட்டீங்க" என்றாராம்.

கோல்ட்ஸ்ட்ரீமுக்கு அப்பால் எஃபி டெல்ஃபர் அம்மாள் வீட்டில் ஏழு கறுப்பு லாப்ரடார் குட்டிகள் இருப்பதாகத் தகவல் வந்தது. எஃபி அம்மாள் நாற்பது வருஷமாக நாய் வளர்ப்பவர், எடுக்கும் வரிசையில் மூத்தவர். ஆர்ச்சி மனைவி மேவிஸையும் ஒன்பது வயது மகள் ஃப்ளோராவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"வீட்லயும் ஒழுங்கா இருக்கற நாயாப் பாரு ஆர்ச்சி" என்றாள் மேவிஸ். "வருஷத்துல பத்து சனிக்கிழம உனக்கு. மிச்ச நாளெல்லாம் எங்களுக்கு."

"நாயப் பத்தி எனக்குச் சொல்லாத" என்றார் அவர். அதுவரை அவர் ஒரு பூனைகூட வளர்த்ததில்லை.

எஃபி அம்மாளின் அடுப்படியில் குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்ச்சி ஒரு குட்டியைக்கூடக் குனிந்து பார்க்காமல் வம்சப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். வேட்டைப் போட்டியில் ஜெயித்த மூதாதை நாய்களின் பெயரை அதில் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். விரல் வைத்து எண்ணினார்.

"பதினாலு சிவப்பு" என்றார் திருப்தியாக.

"அதுல ஒருத்தன் என் சோபாவத் தின்னான்" என்றார் எஃபி அம்மாள். "அத எந்த மையிலயும் எழுதக் காணோம்."

அடுத்து ஆர்ச்சி பையிலிருந்து ஓர் இரும்புத் தட்டையும் கரண்டியையும் எடுத்து, துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படுமா என்று சோதிப்பதாகச் சொல்லி ஓங்கித் தட்டினார். குட்டிகள் சிதறி ஓடித் திரும்பி வந்தன. தாய் நாய் மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டது. அந்த வீட்டில் அவரைச் சரியாக எடைபோட்ட முதல் ஜீவன் அதுதான்.

கடைசியாக ஒரு ஃபெசன்ட் இறக்கையைத் தரையில் எறிந்தார். சின்னப் பெண்குட்டி ஒன்று அதை மெல்லக் கவ்வியது, சுற்றிலும் பார்த்தது, நேரே நடந்து வந்து ஃப்ளோராவின் மடியில் வைத்தது.

"அப்பா, இதுதான்" என்றாள் ஃப்ளோரா.

"இதா? கெடச்சதக் கொண்டுபோய் யாருக்கோ குடுத்துட்டு நிக்குது. துளி ரோஷம் இல்ல."

"ரெட்ரீவர்னாலே எடுத்துட்டு வந்து குடுக்கற நாய்தான தம்பி" என்றார் எஃபி அம்மாள்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தடித்த ஆண்குட்டி பாய்ந்து வந்து இறக்கையைப் பறித்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் புகுந்தது. உள்ளேயிருந்து உறுமல் கேட்டது, இறகுகள் பறந்தன. எஃபி அம்மாள் மண்டியிட்டு இழுத்துப் பார்த்தார். வாயைத் திறப்பதாக இல்லை.

ஆர்ச்சிக்கு முகமெல்லாம் பல். "பிடியப் பாருங்க."

"பாத்தேன். அதனாலதான் எலி பிடிக்க ஒரு பண்ணக்காரருக்குப் பேசி வெச்சிருக்கேன். உனக்கு இது ஆகாது."

அங்கேதான் குளியல் தொட்டி வியாபாரி விழித்துக்கொண்டார். மட்டமான தொட்டியின்மேல் 'விற்றாயிற்று' என்று சீட்டு ஒட்டி வைத்து விலையை ஏற்றுவது அவர் கடைத் தந்திரம். உலகத்தில் எல்லாருமே அதைத்தான் செய்வார்கள் என்பது அவர் முடிவு. நல்ல குட்டியை ஒளித்துவைக்கிறாள் இந்த அம்மாள் என்று ஒரு மணி நேரம் வாதாடினார். அடுப்பில் வைத்த டீ அவமானம் தாங்காமல் தானே ஆறிப்போனது.

எஃபி அம்மாள் ஃப்ளோராவைப் பார்த்தார். அந்தத் தடித்த குட்டி அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவள் ஷூவைக் கவ்விக்கொண்டிருந்தது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எலிக்காரர் வீட்டவிட உன் மக இத நல்லாப் பாத்துக்குவா. அதுக்காகத் தரேன், உனக்காக இல்ல. ஒண்ணே ஒண்ணு, எதையும் இழுத்து வெளயாடாத. வாய் முரடாப் போயிடும், கோழிய நசுக்கிடும்."

ஆர்ச்சி அதற்கு பாரன், அதாவது பிரபு, என்று பெயர் வைத்து, அன்று மாலையே அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒரு துண்டின் இரு முனைகளை அவரும் அதுவுமாக இழுத்து விளையாடினார். தினமும் அந்த வேடிக்கை நடந்தது. ஃப்ளோரா ஒரு துண்டு சீஸைக் காட்டினால் பாரன் வாயைத் திறந்து எதையும் கொடுத்துவிடும். அது லஞ்சம் என்று ஆர்ச்சி தடைபோட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து, நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், ரட்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். எடுக்கும் வரிசையின் கோடியில், சதுப்பு ஓரத்தில், எட்டாவதாக ஆர்ச்சிக்கு இடம். பக்கத்தில் எஃபி அம்மாள். அவர் காலடியில் அந்தச் சின்னப் பெண்குட்டி, இப்போது வளர்ந்த நாய்.

கோழிகள் விழுந்தன. பாரன் ஓடியது, எடுத்தது, வந்தது. அதுவரை குறையில்லை. வாயிலிருந்து கோழியைப் பிடுங்க ஆர்ச்சி சேற்றில் ஒருமுறை உருள வேண்டியிருந்தது.

ரட்டர் வந்து கோழியை வாங்கினார். அந்த ஊரில் யாரும் யாருடைய நாயையும் குறை சொல்வதில்லை. கோழியின் விலாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நல்ல வாயில் வந்த கோழியின் விலா கூடைபோல் விறைத்து நிற்கும். ரட்டர் அழுத்தினார். எஃபி அம்மாளிடம் கொடுத்தார். அவர் அழுத்திவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கோழி வரிசையின் ஏழு கட்டைவிரல்களையும் கடந்து ஆர்ச்சியிடமே திரும்பி வந்தது.

ஆர்ச்சியும் அழுத்தினார். நனைந்த செய்தித்தாளுக்குள் போவதுபோல விரல் உள்ளே போயிற்று.

அவருக்குப் புரியாமலில்லை. அடுத்தவர் நாய் நசுக்கிய கோழியைப் பற்றிப் பதினோரு வருஷம் விரட்டும் வரிசையில் வாய் ஓயாமல் பேசியவர் அவர். 'தப்பு என்னோடதுதான், என்ன பண்ணலாம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரு மாதம் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று சொல்ல எஃபி அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சரிசெய்து கொடுத்த நாய்கள் அந்த வரிசையிலேயே இரண்டு நின்றன.

"கல்லு மேல விழுந்திருக்கு" என்றார் ஆர்ச்சி.

எல்லாரும் கணுக்கால்வரை சேற்றில் நின்றிருந்தார்கள். அந்தச் சதுப்பில் ஒரு கல் வேண்டுமென்றால் லாரியில்தான் கொண்டுவர வேண்டும்.

"இருக்கும்" என்றார் ரட்டர்.

இரண்டாவது கோழியும் கல்லில் விழுந்தது. மூன்றாவது கோழி இரண்டு கல்லில் விழுந்தது. மதியச் சூப்புக்குப் பிறகு ரட்டர் ஒரு மஞ்சள் கொடியோடு வந்தார்.

"வலது ஓரத்துல ஓராள் குறையுது, ஆர்ச்சி."

அந்த ஊர் வசவில் அதற்குமேல் ஒன்றுமில்லை. எஃபி அம்மாள் பாரனின் வாரைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆர்ச்சி கொடியை வாங்கிக்கொண்டு முள்ளுக்குள் போனார்.

இன்றும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் அவரைப் பார்க்கலாம். எடுக்கும் வரிசையைத் தானே வேண்டாமென்று விட்டுவிட்டதாகச் சொல்வார். விட்டன்ஹோப் மண் முழுக்கக் கல்லாம், நல்ல ஜாதி நாய்க்கு ஆகாதாம். கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டிவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த பீரைக் குடித்து முடிப்பார்கள்.