அம்மா வாசிக்க மறுத்த ஒரே இடம்

"...மாட்டேன்னு சொன்னவதானே? எங்க அப்பா பொணம் நடு வீட்டுல கெடக்கறப்போ வயலினைப் பெட்டியில வெச்சு மூடினவதானே? இப்ப நான் கூட்டிட்டு வந்திருக்கேன் பேண்டு. நல்லா ஊதட்டும். தாம்பரம் முழுக்கக் கேக்கட்டும்."

சொன்னவர் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அம்மாவை அடக்கத்துக்கு எடுப்பதற்குச் சற்று முன், சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று சொன்னார். வண்டலூரிலிருந்து வேன் பிடித்து பேண்டு வாத்தியக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார். தன் அடக்கத்தில் எந்த வாத்தியமும் ஒலிக்கக் கூடாது என்பது அம்மா கேட்டுக்கொண்ட ஒரே விஷயம். ஃபாதர் அதை முந்தின நாளே அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தை தெரிந்தேதான் அழைத்து வந்தார். இந்த நினைவு மலர் அத்தை கைக்கும் போகும். போகட்டும்.

அம்மா பிறந்தது போலந்து நாட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பா அந்த ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர்; கல்யாண வீடுகளில் வயலின். அம்மாவுக்கு வில் பிடிக்கக் கற்றுத் தந்தவரும் அவரே. போர் வந்த குளிர்காலத்தில் ரஷ்யச் சிப்பாய்கள் விடியற்காலையில் கதவை இடித்து, கைக்குக் கிடைத்ததோடு கிளம்பச் சொன்னார்கள். சரக்கு ரயிலில் அடைத்து சைபீரியக் காட்டுக்கு மரம் வெட்ட அனுப்பினார்கள். "நம்ம ரயில்வே யார்டுல நிக்குதே கூட்ஸ் வண்டி, அதேதான்டா. உள்ள மாட்டுக்குப் பதிலா நாங்க" என்பார் அம்மா. தமிழை மீன்காரம்மாவிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் கற்றவர். வெள்ளைக்காரி மெட்ராஸ் பாஷை பேசுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "நான் பேசறது உனக்குப் புரியுதுல்ல? அப்புறம் இன்னா?" என்று அம்மாவும் விடமாட்டார்.

காட்டிலிருந்து விடுபட்டபோது அவருடைய அப்பாவும் தம்பியும் உயிரோடு இல்லை. தாயும் மகளுமாகப் பாரசீகம் கடந்து இந்தியா வந்து, கோலாப்பூர் பக்கத்து அகதி முகாமில் சேர்ந்தார்கள். போர் முடிந்து மற்றவர்கள் கப்பலேறியபோது அம்மா ஏறவில்லை. அவருடைய தாயின் கல்லறை அங்கே இருந்தது. பிறகு, அந்தப் பக்கம் ரயில்வே வேலையில் இருந்த என் அப்பாவை மணந்து தாம்பரம் வந்தார்.

வரவேற்பைச் சொல்கிறேன். அப்பாவைப் பெற்ற தாத்தா ஒருவர்தான் "வாம்மா" என்றார். மற்றவர்கள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அத்தைக்கு அவர் கடைசிவரை 'அந்த அகதி'தான். கோயிலில் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாததால் மட்டும் உட்கார வைத்தார்கள். பூசைக்கு வாசித்தார், கல்யாணத்துக்கு வாசித்தார். அடக்கப் பூசை என்றால் எழுந்து வந்துவிடுவார். தாத்தா இறந்தபோது, தன்னை வாழ்த்தி ஏற்றுக்கொண்ட அந்த ஒருவருக்கும் வாசிக்கவில்லை. அன்று அத்தை பிடித்த பகை. அவர் பேச்சைக் கேட்டு, "சாவுன்னா தீட்டா அவளுக்கு?" என்று பாடற்குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எடுத்த அதே பெரிய மனிதர்கள் பின்னாளில் பேரப்பிள்ளைகளை வயலின் கற்க எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானாக இருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன். அம்மா திறந்தார். மேடவாக்கம் வரை பஸ்ஸில் போயும் சொல்லிக்கொடுத்தார்.

காரணத்தை அம்மா அப்பாவிடம் மட்டுமே சொல்லியிருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகு என்னிடம் சொன்னார். அத்தையிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு ஏச்சு வேண்டியிருக்காதே என்றேன். "வேணாம்டா. அவ கோவக்காரி, திட்டுவா, போய்டுவா. பாவம்னு சொல்றவங்க அப்டிப் போவ மாட்டாங்க, கூடவே குந்திக்கினு இருப்பாங்க" என்றார்.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதியை எழுதிய பிறகு எனக்குக் கை ஓடாது. படுக்கையில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த செவிலிப் பெண்ணுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கேட்டபடி வயலின் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்ற மாணவர்களுக்கும், தெருவை அடைத்து நின்ற தண்ணீர் லாரியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்ட டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எட்டியே பார்க்காமல் இருந்துவிட்டு, அன்று முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்ட உறவினர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று அத்தையிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அந்தக் காட்டுல பொணம் எடுக்கறப்போ மத்தவங்க மரம் வெட்டறதை நிறுத்தக் கூடாதாம். அழுகைச் சத்தம் கேக்காம இருக்க இவங்க அப்பாவை வயலின் வாசிக்க வெச்சான் அதிகாரி. இவங்க தம்பி செத்தப்பவும் அவர்தான் வாசிச்சாரு, பெத்த புள்ளைக்கு. கூலியா ரொட்டி குடுத்தான். பசி. அம்மாவும் தின்னாங்க. இப்ப ஊதச் சொல்லுங்க அத்தை."

அத்தை பெட்டியைப் பார்த்தார். "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க எங்க கேட்டீங்க? திட்டத்தானே வந்தீங்க."

அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். வாசலில் முதல் டிரம் அடி விழுந்தது. அத்தை கூட்டத்தை இடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினார். எண்பதைத் தாண்டியவர். சிவப்புக் கோட்டு போட்ட பேண்டு மாஸ்டர் டிரம்பெட்டை வாயில் வைத்திருந்தார். அத்தை அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"இன்னாம்மா, நீங்கதானே கூப்ட்டீங்க?" என்றார் அவர்.

டிரம் தானாக நின்றது. அம்மாவின் பெட்டி தன்னைக் கடந்து, தெருமுனை திரும்பி மறையும் வரை அத்தை அந்தக் கையை எடுக்கவில்லை.